மச்சான் கட்டிய விமானம்

போன மாதம் மெல்பேர்னின் ஓரத்துக் கிரான்பர்னிலிருந்து ஒரு பெடியன் தொலைபேசியில் கூப்பிட்டான். கோயிலில் யாரோ என் இலக்கத்தைக் கொடுத்திருக்கிறார்கள். விமானம் ஓட்ட உரிமம் கிடைத்துவிட்டதாம். மனைவி, இரண்டு பிள்ளைகளோடு விடுமுறைக்குப் பறக்க ஆசையாம். "அங்கிள், ஒருத்தர் வீட்டில கட்டின பிளேன் ஒண்டு விற்பனைக்கு வருது. பாக்க நல்ல வடிவு. கொம்பனிப் பிளேனும் ஒண்டு இருக்குது, ஆனா பழசு. ஃபமிலிக்கு எது நல்லம்?" என்று கேட்டான். கத்தரிக்காயா வெண்டிக்காயா என்று கேட்கிற மாதிரி! எனக்குப் பக்கென்றது. "நாளைக்கு எடு, தம்பி" என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. என்ன நடந்தது என்று மனைவி துருவித் துருவிக் கேட்டாள். அவளுக்குத் தெரிந்த கதைதான். உங்களுக்குத் தெரியாது, அதனால் எழுதுகிறேன்.

நான் விமானம் ஓட்டியவன் அல்ல, பழுது பார்த்தவன். இலங்கையில், ரத்மலானை விமான நிலையத்தில் தொழில் பழகினேன். எழுபதுகளின் தொடக்கத்தில் மெல்பேர்னுக்கு வந்து, கொஞ்சக் காலம் ஒரு கார்த் தொழிற்சாலையில் கதவு பூட்டினேன். பிறகு வெரிபீயைத் தாண்டி, புல் ஓடுபாதை ஒன்றின் ஓரத்தில் இருந்த சின்ன விமானப் பட்டறையில் வேலை கிடைத்தது. இப்போது அந்தப் பக்கம் முழுக்கப் புது வீடுகள். அப்போது முட்டைக்கோஸ் விளையும் கோவாத் தோட்டங்களும் காற்றும்தான்.

பட்டறைக்குப் பெரியவர் கெவின். இரண்டாம் உலகப் போரில் விமானங்களுக்கு இயந்திரம் பூட்டிய மனிதர். வேலை நேரத்தில் அவர் கதிரையில் உட்கார்ந்து நான் கண்டதில்லை, குரல் உயர்த்திக் கேட்டதுமில்லை. விமானம் ஒன்றைப் பார்ப்பதென்றால் இரண்டு முறை சுற்றுவார். முதல் சுற்றில் இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருக்கும். கண் மட்டும்தான் வேலை செய்யும். யாரும் பேசக்கூடாது. இரண்டாவது சுற்றில் கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு விரலால் தடவுவார். ஒவ்வொரு ஆணி, ஒவ்வொரு இணைப்பு, ஒவ்வொரு துளை. அது முடிந்ததும் பையிலிருந்து சோக்குக் கட்டியை எடுத்து முன் சில்லின் ரப்பரில் பெருக்கல் குறி மாதிரி ஒரு புள்ளடி போடுவார். "எனக்குப் பிறகு இதில் ஒரு கையும் படக்கூடாது" என்பது அவருடைய சட்டம். ஓட்டுபவர் ஒருவர் புள்ளடி போட்ட பிறகு இறக்கையைத் துடைத்தார் என்பதற்காக, மறுபடியும் முதலிலிருந்து இரண்டு சுற்றும் சுற்றினார். அந்த மனுசன் கெஞ்சியும் விடவில்லை.

என் தங்கச்சி ராணியின் புருஷன் தேவன். கிளேட்டனில் வீடு, பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தார். ஒருநாள் அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போனால், கார் தெருவில் நிற்கிறது, கராஜுக்குள் மரச்சட்டங்கள் மீன் முள் மாதிரி அடுக்கிக் கிடக்கின்றன. "மச்சான், பிளேன் கட்டப் போறன்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. வெளிநாட்டிலிருந்து வரைபடம் எடுப்பித்திருந்தார். முன்னுக்கு இரண்டு பேர், பின்னுக்கு ஒரு பிள்ளை, மரமும் துணியும். ஆறு வருடம் கட்டினார். அந்த ஆறு வருடமும் மழையில் நனைந்த கார் கறள் பிடித்தது, குசினி மேசையில் பசை காய்ந்தது. ராணி வாய் திறந்து ஒரு சொல் சொன்னதில்லை. "இவருக்கு அதில ஒரு சந்தோசம், அண்ணா" என்பாள்.

சும்மா சொல்லக்கூடாது, வேலை சுத்தம். அரசாங்க அதிகாரி கட்டம் கட்டமாக வந்து பார்த்துவிட்டுப் போவார். கெவினையும் ஒருநாள் கூட்டிக்கொண்டு போனேன். பசை குழைக்கும் ஒவ்வொரு முறையும், அதே பசையால் இரண்டு மரத் துண்டுகளை ஒட்டி, நாள் எழுதித் தேவன் ஒரு பெட்டிக்குள் போட்டு வைத்திருந்தார். கெவின் ஒவ்வொன்றாக எடுத்து, முழங்காலில் வைத்து முறித்தார். டக், டக் என்று முறிகிறது. எல்லாம் மரத்தில்தான் முறிந்தது, ஒட்டிய இடத்தில் ஒன்றுகூட விடவில்லை. பெட்டி முடியும்வரை முறித்துவிட்டு, "இதைவிட மோசமானவற்றில் நான் போருக்குப் போயிருக்கிறேன்" என்றார். தேவனுக்கு வந்த சந்தோசப் புளுகத்தைப் பார்க்க வேண்டுமே! அன்றைக்கு என் பங்குக்கு ஒரு கோழிக் கால் கூடுதலாகக் கிடைத்தது.

தேவனின் கூட்டாளி டொக்டர் குணம். அவருக்கும் விமானப் பைத்தியம், ஆனால் கட்டுவதற்குப் பொறுமை இல்லை. தொழிற்சாலையில் செய்த நான்கு பேர் இருக்கும் விமானம் ஒன்றைப் பழையதாக வாங்கினார். அதை எங்கள் பட்டறையில் கழற்றியபோது எனக்கு முடி கூச்செறிந்தது. தரை விரிப்பைத் தூக்கினால் கீழே எலிக்கூடு! எலி மூத்திரத்தில் அலுமினியத் தகடு வெள்ளை வெள்ளையாக அரித்துப்போயிருந்தது. வால் பக்கத்தில் தாங்கு சட்டம் ஒன்றில் வெடிப்பு விழுந்திருந்தது. வெளியே பார்த்தால் பளபளவென்று கலியாணப் பொம்பிளை. நாங்கள் எல்லாவற்றையும் மாற்றினோம். புதுச் சாமான் கேட்டால் தொழிற்சாலையிலிருந்து பெட்டியில் வரும், அச்சொட்டாகப் பொருந்தும். அதுதான் அதில் இருக்கும் வசதி.

பிறகென்ன, ஒவ்வொரு ஞாயிறும் ராணி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் குடும்பத்துக்கு எது நல்லது என்ற பட்டிமன்றம்தான். "உன்ர பிளேனில ஊதல் இருக்கோ, தேவா?" என்று டொக்டர் தொடங்குவார். வேகம் குறைந்து விமானம் விழப்போகிறது என்றால், தொழிற்சாலை விமானத்தின் இறக்கையிலிருந்து பீ... என்று ஒரு ஊதல் சத்தம் வரும். தேவன் அதைப் பூட்டவில்லை. "எனக்கு ஊதல் என்னத்துக்கு? என்ர முதுகே சொல்லும்" என்பார். "ஒவ்வொரு ஆணியும் என்ர கையால அடிச்சது. உனக்கு உன்ர பிளேனைப் பற்றி என்ன தெரியும்? எலி இருந்ததே தெரியாது!" எல்லோரும் சிரிப்போம். நானும் தேவன் பக்கம்தான் பேசினேன். ராணி கறியை நீட்டிக்கொண்டு நிற்பாள்.

அரசாங்கச் சட்டப்படி தேவன் முதலில் கனகாலம் தனியே பறந்தார். ஆட்களை ஏற்ற அனுமதி வந்ததும், முதல் பயணம் சிட்னிக்கு என்று முடிவாயிற்று. அங்கே ராணியின் சிநேகிதியின் குழந்தைக்கு முப்பத்தொன்றாம் நாள் சடங்கு. இரண்டு விமானமும் ஒன்றாகப் போவது, எது நல்லதென்று அங்கே போய்த் தீர்ப்புச் சொல்வது. தேவனோடு ராணியும் ஐந்து வயது மகள் ஆரணியும். டொக்டரோடு அவருடைய மனைவியும் இரண்டு பிள்ளைகளும்.

காலையிலேயே எல்லோரும் வந்துவிட்டார்கள். கெவின் இரண்டு விமானங்களையும் சுற்றினார். கை கட்டி ஒன்று, விரல் தடவி ஒன்று. நானும் பின்னால் போனேன். குறை ஒன்றும் இல்லை. சோக்குப் புள்ளடி விழுந்தது. அவர் தேத்தண்ணி போட உள்ளே போனார். நான் எண்ணெய்க் கையைக் கழுவப் பட்டறைக்குப் பின்னால் போனேன். சவர்க்காரம் போட்டுக்கொண்டிருக்கும்போது சடார் என்று தேங்காய் உடைக்கும் சத்தம் கேட்டது.

எங்கள் ஆட்கள் புது வாகனத்தைப் பூசை செய்யாமல் எடுப்பார்களா? அந்தக் காலத்தில் மெல்பேர்னில் போவதற்குக் கோயில் இல்லை. ராணி ஊரிலிருந்து கொண்டுவந்த சந்தனக் கட்டையை விடிய உரைத்து, தட்டில் வைத்துக் கொண்டு வந்திருந்தாள். ராகு காலத்துக்கு முன் கிளம்ப வேண்டும் என்ற அவசரம் வேறு. நான் வந்து பார்த்தபோது சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய், மூக்கில் திருநீறு, கதவில் சந்தனப் பொட்டும் குங்குமமும். தன்னுடையதற்கு மட்டும் வைத்தால் சரியில்லை என்று டொக்டரின் விமானத்துக்கும் வைத்திருந்தாள். டொக்டர் தன் இறக்கையின் கீழிருந்து சிவப்பு நாடா தொங்கும் உறை ஒன்றைக் கழற்றி, "இதைச் சுவரில கொழுவி விடும்" என்று என் கையில் தந்துவிட்டு ஏறினார். கெவின் வாசலுக்கு வந்தபோது இரண்டு இயந்திரமும் ஓடிக்கொண்டிருந்தன. டொக்டர் முதலில் எழும்பினார். பிறகு தேவன். ஆரணி கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு கை காட்டினாள். நானும் காட்டினேன்.

உறையைக் கொழுவுவதற்காகச் சுவரடிக்குப் போனேன். அதை இங்கே கொஞ்சம் விளங்கப்படுத்த வேண்டும். இறக்கைக்குக் கீழே விரல் நீளத்தில் ஒரு குழாய் முன்னுக்கு நீட்டிக்கொண்டிருக்கும். பறக்கும்போது அதன் வாய்க்குள் காற்று புகுந்து தள்ளும். அந்தத் தள்ளலில்தான் வேகம் காட்டும் ஊசி ஏறும். குழாயின் வாய் அடைபட்டால் ஊசி ஏறாது. நிற்கும் நேரத்தில் பூச்சி புகாமல் இருக்கத்தான் இந்த உறை. கழற்ற மறந்துபோகாமல் இருக்கச் சிவப்பு நாடா. தொழிற்சாலைக்காரன் முன்பின் தெரியாத ஒருவனுக்காகச் செய்கிறான், அதனால் எல்லாவற்றையும் யோசித்து அனுப்புகிறான். தேவன் தனக்காகக் கட்டியவர். தன் குழாய்க்கு உறை செய்யவில்லை.

உறையைத் திருப்பினேன். அதன் நுனியில், நெற்றிக்கு வைப்பதுபோல், வட்டமாக ஒரு சந்தனப் பொட்டு.

ஐயோ! முன்னுக்கு நீட்டிக்கொண்டிருந்த எல்லாவற்றுக்கும் ராணி பொட்டு வைத்திருக்கிறாள். டொக்டரின் விமானத்தில் அது உறையில் பட்டது, உறை என் கையில் இருக்கிறது. தேவனின் விமானத்தில் வெறும் குழாய். பொட்டு நேரே அதன் வாய்க்குத்தான் போயிருக்கும். அந்தக் காற்றில் சந்தனம் காய எவ்வளவு நேரம் வேண்டும்? என் தங்கச்சியும் அந்தப் பச்சைப் பிள்ளையும் மேலே போய்விட்டார்கள்.

"கெவின்!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். நான் அந்த மனிதர் முன் கத்தியது அதுதான் முதல் தடவை. உறையை நீட்டினேன். அவர் நகத்தால் சந்தனத்தைச் சுரண்டிப் பார்த்தார், முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. நேரே அலுவலக அறைக்குள் போய் ரேடியோவை எடுத்தார். கதிரையை இழுத்து உட்கார்ந்தார். வேலை நேரத்தில் அவர் உட்கார்ந்ததை அன்றுதான் கண்டேன்.

"தேவ், உன் வேகத்தை வாசி" என்று, தேநீருக்குச் சீனி கேட்கும் குரலில் சொன்னார்.

மறுபடியும் கேட்டார். அதற்குப் பிறகுதான் தேவனின் குரல் வந்தது. "பூச்சியம்." அது தேவனின் குரல் மாதிரியே இல்லை. இவ்வளவு நேரமும் அந்த மனுசன் ஊசியைப் பார்க்கவேயில்லை! எழும்பும்போதும் பார்க்கவில்லை. முதுகு சொல்லும் என்று இருந்துவிட்டார்.

இதில் என்ன பெரிய ஆபத்து என்று நீங்கள் கேட்கலாம். இறங்கும்போது வேகம் அளவுக்குக் கீழே போனால் விமானம் மிதக்காது, கல்லு மாதிரி விழும். தேவனின் முதுகு பழகியது தனியே பறந்து. இன்றைக்கு மனைவி, பிள்ளை, பெட்டி, படுக்கை எல்லாம் ஏறியிருக்கின்றன. பாரம் கூடினால், எந்த வேகத்தில் விழத் தொடங்குமோ அந்த அளவும் கூடும். அதைத் தேவனின் முதுகு அறியாது. எச்சரிக்க ஊதலும் இல்லை. கெவின் ரேடியோ மைக்கைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்து, "சுமையோடு அவன் ஒருநாளும் இறக்கியதில்லையே?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன்.

அப்போது டொக்டரின் குரல் குறுக்கே வந்தது. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். தான் திரும்பி வந்து பக்கத்தில் பறப்பதாகவும், தன் ஊசியைப் பார்த்து வேகத்தைச் சொல்வதாகவும் சொன்னார். அவருடைய விமானத்திலும் இரண்டு பிள்ளைகள்! கெவின் கண்ணை மூடினார். பிறகு, ஒரு கிரிக்கெட் மைதான அகலத்துக்கு உள்ளே நெருங்கக்கூடாது, மரங்களைத் தாண்டியதும் விலகி மேலே போய்விட வேண்டும் என்று சொல்லிச் சம்மதித்தார்.

நான் மைக்கை வாங்கி, வயரை இழுத்துக்கொண்டு ஜன்னலடியில் நின்றேன். கோவாத் தோட்டங்களுக்கு மேலால் இரண்டும் சோடியாக வந்தன. ஒன்று எலிக்கூட்டோடு வாங்கியது, மற்றது மச்சான் கட்டியது. எது நல்லதென்று ஞாயிறு ஞாயிறாக வாயடித்தோமே, இப்போது பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன, பார்க்க எனக்குத்தான் தைரியம் இல்லை. டொக்டர் முதலில் இங்கிலீஷில் எண் சொன்னார். தேவன் தடுமாறினார், விமானம் மேலும் கீழும் ஊஞ்சலாடியது. டொக்டர் டக்கென்று தமிழுக்கு மாறினார்.

"தேவா, என்னைப் பாக்காத. முன்னுக்குப் பார். நான் எண் மட்டும் சொல்லுறன். எண்பது... எண்பது... குறையுது தேவா, எழுபத்தஞ்சு... மூக்கைக் கொஞ்சம் இறக்கு. ஓம், அப்பிடியே பிடி. எழுபது. பயப்பிடாத, நான் இஞ்சதான் நிக்கிறன்."

"என்ன சொல்கிறான்?" என்று கெவின் கேட்கக் கேட்க நான் மொழிபெயர்த்தேன். எழுபதுக்குக் கீழே விடாதே என்று கெவின் சொல்ல, அதை நான் கத்தினேன். மரங்கள் கிட்ட வந்தன. "எழுபது... எழுபது... அறுபத்தஞ்சு..." அப்போது ரேடியோவுக்குள்ளால் பீ... என்று ஒரு சத்தம் வந்தது. டொக்டரின் ஊதல்! தேவனுக்கு எண் சொல்லும் கவனத்தில் அவர் தன் விமானத்தையே விழுகிற வேகத்துக்குக் கொண்டு வந்துவிட்டார். "போ! மேலே போ!" என்று கெவின் எழும்பி நின்று கத்தினார். டொக்டரின் இயந்திரம் உறுமியது, மரக்கிளைகளுக்கு மேலால் அவர் விலகி ஏறினார். தேவன் இப்போது தனியே. ஓடுபாதையின் தொடக்கத்தில் தொப்பென்று விழுந்து, ஒரு துள்ளுத் துள்ளி, மறுபடியும் விழுந்து, புல்லைக் கிழித்துக்கொண்டு ஓடி, வேலிக்குக் கிட்ட நின்றார்.

நான் ஓடினேன். ஒரு செருப்பு எங்கேயோ கழன்றுபோனது. நான் போய்ச் சேரும்போது ராணி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டாள். சிரிக்கிறாள்! ஹெட்ஃபோன் தேவனின் தலையில்தான் இருந்தது. அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"என்ன அண்ணா, ஏதும் மறந்துபோட்டமோ? ஏன் திரும்பி வந்தனாங்கள்? குணம் அண்ணையின்ர பிள்ளையள் பக்கத்தில வந்து கை காட்டினவை. நாங்களும் காட்டினம், என்ன ஆரணி?"

தேவன் இறக்கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார், அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். கெவின் வந்தார். ஒருவரையும் பார்க்காமல் இறக்கைக்குக் கீழே குனிந்து, குழாயின் வாயில் நகத்தை வைத்தார். மஞ்சள் கட்டி ஒன்று உடைந்து அவர் உள்ளங்கையில் விழுந்தது.

"அது நான் வச்ச பொட்டல்லோ?" என்றாள் ராணி.

ஓம் என்றேன். அந்தக் குழாய் எதற்கு, அது அடைபட்டால் எந்த ஊசி ஏறாது, ஊசி ஏறாவிட்டால் என்ன நடக்கும், டொக்டர் ஏன் பக்கத்தில் வந்தார் என்றெல்லாம் சொன்னேன். பூசி மெழுக எனக்குத் தெம்பு இருக்கவில்லை. சொல்லச் சொல்ல அவள் ஆரணியை இழுத்து இடுப்போடு இறுக்கினாள். அழுது குழறப்போகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"பெரிய வட்டத்துக்குள்ள இருக்கிற ஊசியோ?" என்று கேட்டாள். "நான் பாத்தனான், அண்ணா."

"என்ன?"

"ஓடத் தொடங்கேக்கையே பாத்தனான். காரில எண்டா ஓட ஓட ஏறும்தானே. இது அப்பிடியே கிடந்தது. மேல போன பிறகும் அசையேல்ல. கேப்பமோ எண்டு வாய் வரைக்கும் வந்தது."

புல்லில் இருந்த தேவன் தலை நிமிர்த்தினார். "கேட்டிருக்கலாமே, ராணி" என்றார். "ஒரு சொல்லுக் கேட்டிருந்தா, எழும்ப முதலே நிப்பாட்டியிருப்பனே."

ராணி அவரைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை.

"நீங்கள் உங்கட கையால கட்டினது. அதில ஒரு குறை எண்டு சொன்னா உங்கட மனம் நோகும் எண்டு பேசாமல் இருந்திட்டன்" என்றாள்.